பொது பண்டிலின் எடையை யார் சுமந்தது: ஒரு சாப்பாட்டு ஆர்டர் தளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குப் பொட்டலச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங் நிறுவனம் ஒன்றின் இணையத்தளத்தை எங்கள் நால்வர் குழு பராமரித்து வருகிறது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அதிகாலையிலேயே ஒரே லாரியில் போய்விடும். சைவமா, மீனா, கோழியா என்பதை ஊழியர் முந்தின நாள் இரவு 9 மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவருக்குச் சைவப் பொட்டலம்.

தளம் 2017இல் தொடங்கியபோது நாலு பக்கங்கள்தான் இருந்தன: சமையல்கூடம், விநியோகம், கணக்கு, அறிக்கை. நாலுமே அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கானவை. நாங்கள் எழுதும் நிரல்களைச் சேர்த்துக் கட்டி, பிரவுசர் இறக்கும் கோப்புகளாக, அதாவது பண்டில்களாக, மாற்றும் கருவி வெப்பேக். ஒவ்வொரு பக்கமும் அதில் ஒரு தனி என்ட்ரி, அதாவது அது கட்டத் தொடங்கும் இடம். நாலும் திரையை வரைய ரியாக்ட் என்ற ஆயத்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்தியதால், தனித்தனியாகக் கட்டினால் ரியாக்டின் நாலு பிரதிகள் சர்வரில் கிடக்கும். பக்கம் மாறும்போதெல்லாம் அதே கோடு (நிரல்) மறுபடி இறங்கும். இதைத் தவிர்க்கத்தான் அன்றைய வெப்பேக் 3இல் காமன்ஸ்சங்க்பிளகின் என்ற துணைக்கருவி இருந்தது. நாங்கள் வைத்த விதி எளிது: இரண்டு என்ட்ரிகளாவது பயன்படுத்தும் எந்த மாட்யூலும் (நிரல் அலகும்) ‘காமன்’ என்ற ஒரே கோப்புக்குப் போகட்டும்.

அன்றைக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். கணக்குப் பகுதி அக்கா காலையில் ஒருமுறை அந்தக் கோப்பை இறக்கிவிட்டால், நாள் முழுக்க நாலு பக்கங்களுக்குள் மாறி மாறிப் போனாலும் அது கேஷிலிருந்தே, அதாவது பிரவுசர் சேமித்துவைத்த பிரதியிலிருந்தே, வரும். அலுவலக மடிக்கணினி, அலுவலக வைஃபை. யாருக்கும் வலிக்கவில்லை.

2020 ஏப்ரலில் தங்குவிடுதிகள் முடக்கப்பட்டபோது, ஊழியர்கள் தாங்களே கைப்பேசியில் சாப்பாடு தேர்ந்தெடுக்க ஒரு பக்கம் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. அவசரம். ஐந்தாவது என்ட்ரியாக ‘ஆர்டர்’ சேர்ந்தது. ஆர்டர் நிலையைக் காட்டும் சிறிய மணிச் சின்னம் ஒன்றையும் ஆறாவது என்ட்ரியாக அதே பக்கத்தில் வைத்தோம். 2021இல் வெப்பேக் 5க்கு மாறினோம். காமன்ஸ்சங்க்பிளகின் 2018இல் வந்த வெப்பேக் 4இலேயே நீக்கப்பட்டிருந்தது, அதன் இடத்தில் ஸ்ப்ளிட்சங்க்ஸ் வந்திருந்தது. பழைய விதியை அப்படியே ஸ்ப்ளிட்சங்க்ஸில் பெயர்த்து எழுதினோம்: பெயர் ‘காமன்’, குறைந்தது 2 என்ட்ரி. பெயர்த்தவன் நான்தான். பில்ட், அதாவது கோப்புகளைக் கட்டும் வேலை, பிழையில்லாமல் ஓடியது, பக்கங்கள் திறந்தன, அதோடு விட்டுவிட்டேன்.

புகார்

2022இல் ஒரு நாள் கணக்குப் பகுதி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, பக்கம் திறக்க மாட்டேங்குதுன்னு நேத்து மட்டும் இருபது பேர் கூப்பிட்டாங்க. கோழி கேக்குறவனுக்குச் சைவம் போனா மறுநாள் திட்டு எனக்குத்தான்.”

சர்வர் பதிவுகளைப் பார்த்தோம். பிழை எதுவும் இல்லை. சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லியிருந்தது. எங்கள் மேசைகளில் பக்கம் ஒரு நொடிக்குள் வந்தது. “அவங்க வைஃபைதான் மோசம்” என்று எங்களில் மூத்த அண்ணன் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வாரம் போனது.

நேரில் பார்த்தது

புகார் நிற்காததால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நானும் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியும் ஒரு விடுதிக்குப் போனோம். வாசல் பக்கம் மினிமார்ட், அதன் ஓரத்தில் நீளமான கல் மேடை. மணி எட்டரை இருக்கும். வேலை முடிந்து வந்தவர்கள் குளித்துவிட்டு மேடையில் வரிசையாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் கைப்பேசியைத் தந்தார். திரையின் மூலை உடைந்த, பல வருடப் பழைய ஆண்ட்ராய்டு. ஆர்டர் பக்கத்தைத் தட்டினேன். வெள்ளைத் திரை. தம்பி சத்தமாக எண்ண ஆரம்பித்தான். பதினான்கில்தான் சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. கோழியைத் தட்டினால் இன்னும் இரண்டு நொடிக்கு எதுவும் அசையவில்லை.

“ஊருக்குப் பேசுற நேரம்ண்ணே, வைஃபை இப்படித்தான் இருக்கும்” என்றார் அவர். “டேட்டாவப் போட்டா சீக்கிரம் வரும். ஆனா டாப்அப் காசு போயிரும்.” பக்கத்தில் இருந்தவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது. அவர் பக்கத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டாராம். தினமும் சைவம் சாப்பிட்டுக்கொள்கிறார்.

வைஃபை மோசம் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் அதே வைஃபையில் பக்கத்து மேடையில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பதினான்கு நொடி எதற்கு?

பண்டிலைத் திறந்தபோது

மறுநாள் பண்டில் அனலைசரை ஓட்டினோம். எந்தக் கோப்பில் எந்த மாட்யூல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் கருவி அது. ஆர்டர் பக்கத்துக்கென்று எழுதிய கோடு ஒரு ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இருந்தது. திரையின் மிச்சம் முழுவதும் ‘காமன்’.

அதற்குள் இருந்தவை: அறிக்கையிலும் கணக்கிலும் வரும் வரைபட நூலகம். அதே இரண்டு பக்கங்களுக்கான எக்செல் கோப்பு எழுதும் நூலகம். விநியோகமும் சமையல்கூடமும் பயன்படுத்தும் லேபிள் அச்சிடும் நூலகம். தேதிக்காக மொமென்ட் என்ற நூலகம், அதோடு அது ஆதரிக்கும் அத்தனை மொழிகளின் கோப்புகளும். எங்களுக்கு வேண்டியது தமிழும் ஆங்கிலமும்தான். அசர்பைஜானியும் ஐஸ்லாந்தியும் தினமும் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் வரை போய் வந்துகொண்டிருந்தன. மொமென்ட் 2020 செப்டம்பரிலேயே பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது, புதிய திட்டங்களுக்கு வேறொன்றைப் பாருங்கள் என்று அதன் குழுவே சொல்லியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை.

எந்தக் கோடு ஓடியது என்று காட்டும் குரோமின் கவரேஜ் பலகையில் ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் ‘காமன்’ கோப்பின் பட்டை ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு, அதாவது ஓடாத கோடு. ஓடாத கோடுதானே என்று விட முடியாது. அதையும் இறக்க வேண்டும், மேலோட்டமாகவாவது பிரவுசர் அதைப் படித்தாக வேண்டும். பழைய கைப்பேசியின் செயலிக்கு அது சும்மா வேலை இல்லை. ஜிசிப் செய்த (சுருக்கிய) பிறகும் ஆர்டர் பக்கத்தின் மொத்த ஜாவாஸ்கிரிப்ட் 640 கிலோபைட் இருந்தது.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆர்டர் பக்கம் வரைபட நூலகத்தை எங்கேயும் இறக்குமதி செய்யவில்லை. அதற்கு வேண்டியது ரியாக்ட் மட்டும். ஆனால் ரியாக்ட் இருப்பது ‘காமன்’ கோப்பில். வரைபட நூலகத்தை இரண்டு என்ட்ரிகள் கேட்டதால் அதுவும் விதிப்படி அதே கோப்பில். கோப்பைப் பாதி இறக்க வழியில்லை. எல்லாப் பொது மாட்யூல்களுக்கும் ஒரே நிலையான பெயர் கொடுத்தால் அவை ஒன்றாகச் சேர்ந்து முதல் இறக்கம் பெருத்துவிடும் என்று வெப்பேக்கின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. நான் பெயர்த்தபோது அந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு எண்ணிக்கையை வைத்துப் ‘பொது’ என்று முடிவு செய்தது. ஒரு கோப்பைப் பகிர்வதன் லாபம், ஒரே ஆள் பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகும்போதுதான் கிடைக்கும். கணக்கு அக்கா போகிறார். விடுதி ஊழியர் ஒருபோதும் அறிக்கைப் பக்கத்தைத் திறக்கப் போவதில்லை. அவரைப் பொறுத்தவரை ‘காமன்’ என்பது அடுத்த வீட்டுக்காரரின் சாமான்.

முதல் முடிவும் வெற்றுப் பக்கமும்

அண்ணன் சொன்னார்: “பெயர எடுத்துட்டா வெப்பேக் தானே பிரிச்சுக்கும்.” கொள்கையளவில் சரி. பெயர் இல்லாவிட்டால், எந்தெந்த என்ட்ரிகள் சேர்ந்து ஒரு மாட்யூலைக் கேட்கின்றன என்று பார்த்து அந்தக் கூட்டத்துக்கு ஏற்பத் தனித்தனித் துண்டுகளை அது உருவாக்கும். கணக்கு, அறிக்கை இரண்டுக்கும் மட்டும் பொதுவானது ஒரு துண்டு, ஐந்துக்கும் பொதுவானது இன்னொரு துண்டு. வெப்பேக் 5இல் 20,000 பைட்டுக்குக் குறைவானதைப் பிரிக்காது, ஒரு என்ட்ரிக்கு முதல் இறக்கத்தில் 30 கோரிக்கைகளுக்கு மேல் போகாது. நியாயமான இயல்புநிலைகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் 3 மணிக்கு டிப்ளாய் செய்தோம், அதாவது புதிய பில்டைச் சர்வரில் ஏற்றினோம். ஐந்து பக்கங்களும் வெறுமையாகத் திறந்தன.

பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலில் சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. இதுதான் எங்களை அதிகம் குழப்பியது. காரணம் பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கங்களின் எச்டிஎம்எல் சர்வரில் உருவாகிறது. எந்தக் கோப்புகளை இறக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் குறிகளை 2017இல் கையால் எழுதியிருந்தோம்: முதலில் காமன், அடுத்து அந்தப் பக்கத்தின் கோப்பு. ‘காமன்’ என்ற பெயரிலேயே பழைய பில்டின் கோப்பு சர்வரில் கிடந்ததால் ‘கோப்பு இல்லை’ என்ற 404 பிழைகூட வரவில்லை. புதிய துண்டுகளை யாருமே அழைக்கவில்லை. ஒரு என்ட்ரி தனக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் வந்து சேரும்வரை ஓடாமல் காத்திருக்கும். வராத விருந்தாளிக்காக இலை போட்டுக் காத்திருப்பது மாதிரி, புகாரே இல்லாமல் காத்திருக்கும்.

இருபது நிமிடத்தில் பழைய பில்டுக்குத் திரும்பினோம். இரவு 9 மணிக் கெடுவுக்கு முன்னால் பகலிலேயே செய்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம், திட்டம் அல்ல.

இரண்டாவது முடிவு

இந்த முறை உட்கார்ந்து பேசினோம். காப்பிக்கடையில், ஒரு தாளில் ஐந்து பக்கங்களையும் வட்டங்களாக வரைந்து, எந்த ஆள் எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்குப் போகிறார் என்று கோடு போட்டோம். நாலு அலுவலக வட்டங்களுக்கு இடையில் கோடுகள் பின்னிக்கிடந்தன. ஆர்டர் வட்டத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. அதற்குப் பிறகு விவாதம் சுலபமாயிற்று.

ஆர்டர் பக்கத்தைப் பொதுப் பிரிப்பிலிருந்தே விலக்குவது என்று முடிவெடுத்தோம். எந்த என்ட்ரிகள் பிரிப்பில் கலந்துகொள்ளலாம் என்பதை ஸ்ப்ளிட்சங்க்ஸில் ஒரு சிறிய ஃபங்ஷனாகக் கொடுக்க முடியும். அதில் ஆர்டரையும் மணியையும் நீக்கினோம். ரியாக்டின் ஒரு பிரதி ஆர்டருக்குள்ளேயே போகும். பிரதி இரண்டாகிறதே என்று அண்ணன் முகம் சுளித்தார். சர்வரில் இரண்டு பிரதி இருப்பதால் யாருக்கு நஷ்டம்? இரண்டையும் இறக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை.

அலுவலகப் பக்கங்களுக்கு அடித்தளத் துண்டு ஒன்று, மற்றது வெப்பேக்கின் போக்குக்கு. எக்செல் நூலகத்தையும் லேபிள் நூலகத்தையும் முதல் இறக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தும்போது மட்டும் டைனமிக் இம்போர்ட் வழியாக வரும்படி மாற்றினோம். எக்செல் கோப்பை அக்கா மாதத்துக்கு ஒரு தடவைதான் இறக்குகிறார்.

ஸ்கிரிப்ட் குறிகளைக் கையால் எழுதுவதை நிறுத்தினோம். ஒவ்வொரு பில்டிலும் எந்த என்ட்ரிக்கு எந்தெந்தக் கோப்புகள் என்ற பட்டியல் ஜேசானாக வெளிவரும். சர்வர் அதைப் படித்துக் குறிகளை எழுதும். முதல் டிப்ளாயுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

தம்பி ஒரு யோசனை சொன்னான்: ரியாக்டைப் பொது சிடிஎன்னிலிருந்து, அதாவது பல தளங்களுக்கும் ஒரே கோப்பைத் தரும் சர்வரிலிருந்து, எடுத்தால், வேறு தளங்களுக்குப் போனவர்களின் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்குமே? ஒரு காலத்தில் நல்ல யோசனைதான். 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல் கேஷ் தளவாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. வேறு தளம் இறக்கியது நம் தளத்துக்கு உதவாது. அவனுக்கு அது ஏமாற்றமாக இருந்தது, எனக்கும் முதலில் தெரிந்தபோது அப்படித்தான் இருந்தது.

மணி காட்டிய பூஜ்யம்

வேலையின் நடுவில் ஒரு பழைய ஒட்டு வெளிவந்தது. ஆர்டர் பக்கத்தில் மூன்று பொட்டலம் சேர்த்தாலும் மேலே உள்ள மணி பூஜ்யம் காட்டும் கோளாறு 2021இல் வந்திருந்தது. யாரோ ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம், மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், எண்ணிக்கையை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜ் சேமிப்பில் எழுதி மணியை ஒவ்வொரு நொடியும் எட்டிப் பார்க்க வைத்துச் சரிசெய்திருந்தார்.

உண்மைக் காரணம் ரன்டைம். மாட்யூல்களைத் தேடி எடுத்து ஓட்டும் சிறு கோடு அது. பழைய காமன்ஸ்சங்க்பிளகின் அமைப்பில் ரன்டைம் ‘காமன்’ கோப்புக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெப்பேக் 5இல் இயல்பாக ஒவ்வொரு என்ட்ரிக்கும் தனி ரன்டைம். ஒரே பக்கத்தில் இரண்டு என்ட்ரிகள் இருந்தால் இரண்டு ரன்டைம்கள், ஆகவே தேர்ந்தெடுத்த பொட்டலங்களின் கூடையைச் சுமக்கும் மாட்யூல் இரண்டு தடவை உயிர்பெறும். ஆர்டர் ஒரு கூடையில் போட, மணி இன்னொரு காலிக் கூடையை எண்ணிக்கொண்டிருந்தது. ரன்டைம்சங்க் என்ற அமைப்பை ‘சிங்கிள்’ என்று வைத்தவுடன் கூடை ஒன்றானது. நொடிக்கொரு முறை எட்டிப் பார்த்த கோடு நீங்கியது. ஒரே பக்கத்தில் இரண்டு என்ட்ரி வைக்காமல், ஒரே என்ட்ரியில் இரண்டையும் இறக்குமதி செய்வதே இன்னும் சுத்தம். அதைப் பிறகு செய்தோம்.

கேஷ்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்புப் பெயருக்குப் பின்னால் பில்ட் தேதியைக் கேள்விக்குறியோடு ஒட்டியிருந்தோம். வாரம் இரண்டு டிப்ளாய். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் எல்லாரும் எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. பெயரில் கன்டென்ட்ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) வைத்து, உள்ளடக்கம் மாறினால் மட்டும் பெயர் மாறும்படி செய்தோம். அந்தக் கோப்புகளுக்கு ஒரு வருடக் கேஷ், அதாவது 31536000 நொடி. எச்டிஎம்எல்லுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்கும்படி பதிலின் ஹெடரில் (பிரவுசருக்கான குறிப்பில்) சொன்னோம்.

விளைவு

ஆர்டர் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஜிசிப் செய்து 92 கிலோபைட்டாக இறங்கியது. அதே விடுதி, அதே மேடை, ஏறக்குறைய அதே நேரம், அதே உடைந்த மூலைக் கைப்பேசி. தம்பி எண்ணினான். நாலில் பட்டியல் வந்தது. இரண்டாவது தடவை திறந்தபோது எண்ண ஆரம்பிக்குமுன் வந்துவிட்டது. அக்காவுக்கு வரும் அழைப்புகள் இரவுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தன, அவையும் பெரும்பாலும் கடவுச்சொல் மறந்தவர்கள்.

ஒரு புதுக் கோளாறும் வந்தது. சமையல்கூடத்தில் சுவரில் மாட்டிய திரை திங்கள் காலை திறந்த பக்கத்தோடு வாரம் முழுக்க ஓடும். வியாழன் லேபிள் அச்சிடும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கன்சோலில் துண்டு கிடைக்கவில்லை என்ற பிழை. புதன்கிழமை டிப்ளாய் பழைய துண்டுகளை அழித்துவிட்டிருந்தது. திறந்திருந்த பக்கமோ திங்கட்கிழமைப் பெயரில் அதைத் தேடியது. அன்று காலை முந்நூறு பொட்டலத்துக்கு லேபிளைக் கையால் எழுதினார்கள். இப்போது பழைய துண்டுகளை 30 நாள் வைத்திருக்கிறோம். இறக்கம் தோற்றால் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு வரி தமிழில் வரும்.

மறுபடி செய்தால்

புகார் வந்த முதல் வாரமே விடுதிக்குப் போவேன். மேசையில் உட்கார்ந்து பார்த்த எந்தப் பதிவும் அந்தப் பதினான்கு நொடியைக் காட்டவில்லை.

ஆர்டர் பக்கத்தைப் பிரிப்பிலிருந்து விலக்குவதற்குப் பதிலாகத் தனி பில்டாகவே வைத்திருப்பேன். இரண்டு பில்ட் என்றால் பராமரிப்பு இரட்டிப்பு என்று அப்போது தள்ளிவைத்தோம். விலக்கு விதியை யாராவது நாளைக்கு அறியாமல் அழித்துவிட்டால் பழைய நிலைக்கே போய்விடுவோம் என்பது இன்னும் உறுத்துகிறது.

எச்சரிக்கைகளை அணைக்க மாட்டேன். ஒரு என்ட்ரியின் அளவு 250,000 பைட்டைத் தாண்டினால் வெப்பேக் பில்டின்போதே மஞ்சள் எழுத்தில் சொல்லும். எங்கள் அமைப்புக் கோப்பில் 2019 முதல் அது அணைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: “லாக் படிக்க முடியல”. இப்போது அது எச்சரிக்கையாக இல்லை, பில்டையே நிறுத்தும் பிழையாக இருக்கிறது.

லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நிறுவனம் இப்போது கேட்டிருக்கிறது. தம்பி அதைத் தனி பில்டாகத் தொடங்கியிருக்கிறான். முதல் நாள் கமிட்டில், அதாவது அவன் சேமித்த முதல் மாற்றத்தில், பக்கமே இல்லை. ஜிசிப்புக்குப் பின் 100 கிலோபைட் என்ற வரம்பும், எந்த ஓட்டுநரின் கைப்பேசியில் சோதிக்க வேண்டும் என்ற குறிப்பும் மட்டும் இருந்தன.